கட்டி எடுத்தாயிற்று, பார்வையும் கூடிவிட்டது. அப்பா ஏன் இன்னும் கதவில் இடிபடுகிறார்?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை எனக்கு விளங்கிய மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியாக எடுத்து மூன்று கிழமை ஆகிறது. பீல்ட் டெஸ்ட் (நேரே பார்த்தபடி இருக்கும்போது சுற்றிவர எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை) தாளில் முன்பு பார்வை இல்லாமல் கறுப்பாக இருந்த இடமெல்லாம் வெளுத்துவிட்டது, டொக்டருக்கும் திருப்தி. ஆனால் வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் இன்னும் தோளை இடித்துக்கொள்கிறார். காலி வீதியைக் கடக்கும்போது பக்கத்தால் வந்த ஓட்டோவை அவர் காணவில்லை, நீங்கள்தான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். கேட்டால், "தெரியுது பிள்ளை, ஆனா எல்லாம் திடீரெண்டு வந்து நிக்குது" என்கிறார். இதற்கிடையில், இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு பார்வை கூடும்போது மூளையின் செயற்பாடும் மாறுகிறது என்று எங்கேயோ வாசித்திருக்கிறீர்கள். அப்பாவின் மூளை மாறாமல் நின்றுவிட்டதா, அதைப் பார்க்கத் தனியாக ஒரு மூளை ஸ்கான் எடுக்கலாமா என்பது கேள்வி.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் கண் கிளினிக்குகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பீல்ட் டெஸ்ட் எடுத்தவன். இருட்டறையில் ஆளை இருத்தி, நாடியை வைக்கச் சொல்லி, "நடு வெளிச்சத்தை மட்டும் பாருங்கோ, பக்கத்தில் புள்ளி தெரிஞ்சால் பட்டனை அமத்துங்கோ" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. ஸ்கான் கேள்விக்கான பதில் சின்னது: வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் நீளம். அதைவிட, அப்பா இடிபடுவதற்கு மூளையைக் குற்றம் சொல்லுமுன் அந்த வெளுத்த தாளைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

சாதாரண தரத்தில் கபச்சுரப்பி என்று படித்தோமே, அதுதான் பிட்யூட்டரி. ஒரு கடலை அளவு, அரைக் கிராம் பாரம். மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், குதிரைச் சேணம் மாதிரிக் குழிந்த ஓர் எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் அளவு இடைவெளியில் இரண்டு கண்ணின் நரம்புகளும் வந்து சந்திக்கின்றன. ஒவ்வொரு நரம்பிலும் பத்து இலட்சம் இழை அளவில் இருக்கும். மருதானையில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி ஒரு சந்தி. விழித்திரையின் மூக்குப்பக்கத்திலிருந்து வரும் இழைகள் அங்கே எதிர்ப்பக்கம் தாண்டும். காதுப்பக்கத்து இழைகள் தாண்டாமல் தங்கள் பக்கத்திலேயே போகும். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால், தாண்டுகிற இழைகள்தான் வெளிப்பக்கக் காட்சியை, அதாவது காதுப் பக்கத்தில் இருப்பதை ஏந்திப் போகின்றன.

கட்டி கீழேயிருந்து வளர்ந்து மேலே முட்டும்போது முதலில் அகப்படுவது நடுவில் தாண்டுகிற இந்த இழைகள். ஆகவே இரண்டு கண்ணிலும் காதுப்பக்கக் காட்சி மங்கும், பெரும்பாலும் மேல் மூலையில் தொடங்கும். இதில் மோசம் என்னவென்றால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. வலது கண் இழந்த பக்கத்தை இடது கண் ஓரளவு பார்த்துவிடும், இடது கண் இழந்ததை வலது கண் பார்த்துவிடும். நடுப்பார்வை நன்றாக இருந்தால் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசிப்பார். அதனால்தான் பலர் கண்ணாடிக்கடையில் இரண்டு தரம் பவர் மாற்றி, மூன்றாவது தரம் எங்களிடம் வருவார்கள். உங்கள் அப்பாவும் இரண்டு கண்ணாடி மாற்றினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

இனி அந்தத் தாள். ஒரு கண் நேரே பார்த்தபடி இருக்கும்போது மூக்குப் பக்கம் ஏறத்தாழ 60 பாகை வரைக்கும், காதுப் பக்கம் 90 பாகைக்கும் சற்று அதிகமாகவும் பார்க்கும். இரண்டு கண்ணிலும் காதுப்பக்கம் முழுக்கப் போய்விட்டால் மிஞ்சுவது இரண்டு மூக்குப்பக்கங்கள், அதாவது நடுவிலிருந்து இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60. அறுபதுக்கு அப்பால் இரு விளிம்பிலும் வெறும் வெற்றிடம். கதவு நிலை இருப்பது அங்கே. பக்கத்தால் வரும் ஓட்டோவும் அங்கேதான்.

ஆனால் கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் டெஸ்ட் 24-2 என்று தாளின் மேலே போட்டிருக்கும். அது நடுவிலிருந்து 24 பாகைக்குள் 54 புள்ளிகளைச் சோதிக்கிறது, மூக்குப் பக்கம் மட்டும் 30 வரை போகும். நரம்பு நெரிபட்டதா, விடுபட்டதா என்று அறிய இது போதும், நல்ல டெஸ்ட். கிளினிக் அதைத்தான் தேடுகிறது. காலி வீதியைக் கடப்பது பற்றி மட்டும் அந்தத் தாளுக்கு ஒன்றும் தெரியாது. 70 பாகையில் அப்பாவுக்கு என்ன தெரிகிறது என்பதை அது கேட்கவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழகினால் டெஸ்ட் நன்றாக வரும். முதல் தரம் வருபவர் பயத்தில் அரைவாசிப் புள்ளிகளைத் தவறவிடுவார். இரண்டாம் தரம் விளையாட்டுப் பிடிபட்டுவிடும். ஒப்பரேஷனுக்கு முன் அப்பாவுக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான் எடுத்தார்கள் என்றால், இப்போது தெரிகிற முன்னேற்றத்தில் சின்னதொரு பங்கு பழக்கத்துக்கும் உரியது. கறுப்பு முழுவதும் வெளுத்தது பழக்கத்தால் அல்ல, அது நிச்சயம் கட்டி போனதால்தான். ஆனால் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி ஏறுவதை வைத்து நான் யாருக்கும் நற்செய்தி சொல்வதில்லை.

ஆகவே அடுத்த கிளினிக்கில் ஒன்று கேளுங்கள். எஸ்டர்மன் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, இரண்டு பக்கமும் 75 பாகை வரைக்கும் 120 புள்ளி. வாகனம் ஓட்டுவது பற்றி முடிவெடுக்கப் பல நாடுகளில் இதைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலும் பீல்ட் மெஷினிலேயே அந்த புரோகிராம் இருக்கும், கேட்டால் ஐந்தாறு நிமிட வேலை. விளிம்பில் உண்மையாகவே ஓட்டை இருக்கிறதா, இல்லை விளிம்பு வந்தும் அப்பா அதைப் பாவிக்கவில்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவதாகச் சொன்னதில்தான் மூளை வருகிறது.

செட்டியார் தெருவில் நகை வேலை செய்த ஒருவர் வந்தார், பல வருடத்துக்கு முன். அவருடைய முறைப்பாடு விசித்திரமானது. சாமணத்தால் கல்லைப் பிடித்துக் கல்லை உற்றுப் பார்த்தால், அதற்குப் பின்னால் இருக்கும் மோதிரம் காணாமல் போகிறது. மோதிரத்தைப் பார்த்தால் திரும்பி வருகிறது. வீட்டில் சிரித்தார்களாம். பேய் வேலை என்று ஒரு மாமி நூல் கட்டியும் விட்டிருந்தார். பேயில்லை, வெறும் கேத்திர கணிதம். கண் இரண்டும் ஒரு பொருளில் குவியும்போது அதற்குப் பின்னால் உள்ள பொருளின் படம் இரண்டு விழித்திரையிலும் மூக்குப்பக்கத்தில் விழும். அவருக்கு இரண்டு கண்ணிலும் அந்தப் பக்க இழைகள்தான் வேலை செய்யவில்லை. ஆகவே உற்றுப் பார்க்கும் புள்ளிக்குப் பின்னால் ஒரு குருட்டு முக்கோணம். ஊசியில் நூல் கோர்ப்பவர்களும் நகம் வெட்டுபவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

அவருக்கு ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் பீல்ட் நன்றாக வந்தது. ஆனால் தட்டை இடமும் வலமும் அசைத்து அசைத்துக் கல் பதிக்கும் பழக்கம் போகவில்லை. "இப்ப தெரியுதுதானே, ஏன் ஆட்டுறீங்கள்?" என்று கேட்டேன். "ஆட்டாட்டி நம்பிக்கை வரேல்லை" என்றார். ஓட்டையைச் சுற்றி வேலை செய்ய அவருடைய மூளை ஒரு வருடத்துக்கு மேல் பழகியிருந்தது. ஓட்டை அடைபட்ட செய்தி அந்தப் பழக்கத்துக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. உங்கள் அப்பா "திடீரெண்டு வந்து நிக்குது" என்று சொல்வதை வாசித்தபோது எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகம் வந்தார்.

சரி, மூளைக்குள் உண்மையில் என்ன மாறுகிறது? இதைப் பின்னந்தலையிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் பார்வைத் தகவல் போய் இறங்கும் முதல் மேற்பட்டை, அதாவது மூளையின் வெளிப்படை, அங்கேதான் இருக்கிறது. உலகத்தின் வலது பாதி இரண்டு கண்ணிலிருந்தும் இடது மூளைக்குப் போகும், இடது பாதி வலது மூளைக்குப் போகும். அங்கே இரண்டு கண்ணின் செய்திகளும் கலந்து கொட்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் வரிவரியாக, ஒரு வரி இடது கண்ணுக்கு, அடுத்த வரி வலது கண்ணுக்கு என்று பாத்தி பிரித்த மாதிரி இருக்கும்.

பிட்யூட்டரிக் கட்டியின் அழுத்தத்தில் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு பக்க மூளையிலும் எதிர்ப்பக்கக் கண்ணின் பாத்திகளுக்குத் தண்ணீர் குறைகிறது. தன் பக்கக் கண்ணின் பாத்திகளுக்கு வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறது. இது மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மூளையின் மேற்பட்டையில் ஓரிடத்துக்கு ஒரு செய்தியும் வராவிட்டால் அக்கம்பக்கத்தில் இருப்பவை அந்த இடத்தைத் தங்கள் வேலைக்கு எடுக்கப் பார்க்கும். வெறுங்காணிக்கு வேலி நகர்கிற கதைதான். ஆனால் இங்கே காணி வெறுமையாகவில்லை. உலகத்தின் அதே புள்ளியை மற்றக் கண் பார்த்துக்கொண்டிருப்பதால் வரைபடம் கலையாமல் இருக்கிறது. கடைசி விளிம்பு, ஒரு கண் மட்டுமே பார்க்கும் அந்த 60க்கு அப்பாற்பட்ட பகுதி மட்டும் விதிவிலக்கு. அதற்குத் துணைக்கண் இல்லை. அப்பாவின் தோள் இடிபடுவது சரியாக அந்தப் பக்கத்தில் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு நல்ல விஷயம், அப்பா ஐம்பது வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பார்த்தவர். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து, பிறகு திறந்தாலும் மூளையில் அந்தக் கண்ணுக்கு இடம் கிடைப்பதில்லை என்று 1960களில் ஹியூபெலும் வீசலும் காட்டினார்கள். 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதை வாசித்துவிட்டு வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தானோ என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். அது குஞ்சுப் பருவத்துக் கதை. பார்க்கப் பழகி முடித்த மூளை, இடையில் செய்தி குறைந்ததற்காகப் பார்க்கும் வித்தையை மறப்பதில்லை.

மாற்றங்களில் எனக்கு ஆகப் பிடித்தது மூளையின் மேற்பட்டையில் நடப்பதல்ல, போகிற வழியில் நடப்பது. நரம்பிழையைச் சுற்றி மயலின் என்று கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது, வயருக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. அது இருந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். நெரிபட்டால் இழை அறுபடுவதற்கு முன்பே உறை கழன்றுவிடும். அமெரிக்காவில் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நரம்புக்குள் நீர் எந்தத் திசையில் ஊர்கிறது என்பதை அளக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐயை வைத்து, இதே கட்டி உள்ளவர்களை ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். சந்திக்குப் பின்னால் மூளைக்குப் போகும் பாதையில் உறை கழன்றிருந்தது தெரிந்தது. அழுத்தம் நீங்கி நான்கு கிழமைக்குள்ளேயே அது திரும்பத் தொடங்கியதும் தெரிந்தது. உறை எவ்வளவு மோசமாகியிருந்ததோ அதற்கேற்பப் பார்வையும், பின்னந்தலை மேற்பட்டையின் செயற்பாடும் குறைந்திருந்தன. ஒப்பரேஷனுக்கு முன் இருந்த உறையின் நிலையை வைத்து, பிறகு எவ்வளவு பார்வை மீளும் என்பதையும் ஓரளவு சொல்ல முடிந்தது.

வளர்ந்த மனிதருடைய மூளைக்குள் நான்கு கிழமையில் உறை போர்த்துவது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கணக்கில் அப்பாவுக்கு மூன்று கிழமைதான் ஆகியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது நீங்கள் வாசித்த "மூளைச் செயற்பாடு". அதைப் பார்க்கும்போது எம்.ஆர்.ஐ மெஷின் நரம்பின் மின்சாரத்தை அளப்பதில்லை. ஓரிடம் வேலை செய்தால் அங்கே இரத்தம் கூடும், இரத்தத்தில் ஒட்சிசனின் அளவு மாறும், அந்த மாற்றத்தைத்தான் அது பிடிக்கிறது. இதை ஜப்பானியரான சேய்ஜி ஓகாவா 1990இல் காட்டினார். ஆளைச் சும்மா படுக்கவைத்து, ஒன்றும் செய்யாதபோது மூளையின் பகுதிகள் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் முறையை 1995இல் பரத் பிஸ்வாலும் கூட்டாளிகளும் தொடக்கிவைத்தார்கள். பிட்யூட்டரி நோயாளிகளை இந்தச் "சும்மா படுக்கும்" முறையில் பார்த்த ஆய்வுகள் சீனாவிலிருந்து பல வந்திருக்கின்றன. பார்வை கெட்டவர்களின் மூளையில் பின்னந்தலைப் பகுதி மட்டும் மாறுபடவில்லை. கவனம் செலுத்தும் பகுதிகளிலும், கேட்டல், தொடுகை எல்லாவற்றையும் பார்வையோடு சேர்த்துப் பிசையும் பகுதிகளிலும் வித்தியாசம் தெரிகிறது. பார்வை மீண்ட பிறகு அவையும் நகர்கின்றன. பொதுவான செய்தி இவ்வளவுதான். ஒவ்வொரு ஆய்விலும் இருப்பவர்கள் சில பத்துப் பேர், எந்தப் பகுதி ஏறியது, எது இறங்கியது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு ஒத்துப்போவதுமில்லை.

இங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. படத்தில் சிவப்பு கூடினால் நல்லது, நீலம் வந்தால் கெட்டது என்று நினைக்கிறோம். பார்வை குறைந்திருக்கும்போது சில பகுதிகள் கூடுதலாக உழைக்கலாம், கூட்டத்தில் காது கேளாதவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. பார்வை வந்ததும் அந்த உழைப்பு தேவையில்லை, இறங்கிவிடும். அந்த இறக்கம் நல்ல அறிகுறி. அதே நேரம் பின்னந்தலையில் ஏற்றம் வரலாம், அதுவும் நல்ல அறிகுறி. ஒரே ஆளின் படத்தில் மேலே போனதும் கீழே போனதும் இரண்டும் சுகமடைவதைக் காட்டலாம். நூறு பேரின் சராசரியில் அர்த்தம் தருகிற நிறம் உங்கள் அப்பா ஒருவரின் படத்தில் ஒன்றும் சொல்லாமல் போகலாம்.

அதுவும் இந்த நோயில் கலப்படம் அதிகம். பிட்யூட்டரி என்பது ஹோர்மோன்களின் தலைமை அலுவலகம். கோர்ட்டிசோல் குறைந்தாலும் தைரொயிட் குறைந்தாலும் மூளையின் செயற்பாடு மாறும். ஒப்பரேஷனுக்குப் பிறகு மாத்திரை தொடங்கினால் இன்னொரு மாற்றம். மூக்கின் பின்னறையில் இருக்கும் காற்று அக்கம்பக்கத்துப் படத்தைக் கோணலாக்கும். பயம் குறைந்து நன்றாக நித்திரை வந்தால் அதுவும் படத்தில் தெரியும். இவ்வளவையும் கழித்துவிட்டு "இது பார்வை கூடியதால் வந்த மாற்றம்" என்று ஒரு தனி ஆளில் காட்ட முடியாது. ஆராய்ச்சிக்காரர்கள் பலரைச் சேர்த்துத்தான் அதைத் தேடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பின்னந்தலை மேற்பட்டையில் நடுப்பார்வைக்குத்தான் பெரும் பங்கு. நடுவிலுள்ள 10 பாகைக்கே ஏறத்தாழ பாதி இடம் போய்விடுகிறது. விளிம்புக்குக் கிடைப்பது ஒரு சின்ன மூலை. ஆகவே எழுத்து வாசிக்கும் பார்வை மீண்டால் படத்தில் பெரிய மாற்றமாகத் தெரியும். ஓட்டோவைக் காணும் பார்வை மீண்டால் படத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகலாம். அப்பாவுக்கு இப்போது தேவை இரண்டாவது. காசு கட்டி எடுத்தாலும் அந்த ஸ்கான் தப்பான இடத்தைத்தான் பெரிதாகக் காட்டும்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? கண்ணிலேயே பார்க்கலாம். ஓ.சி.ரி என்று ஒரு ஸ்கான், கண்ணுக்குள் வெளிச்சம் விட்டு எடுப்பது, வலியில்லை, சில நிமிடம். விழித்திரையின் நரம்பிழைப் படை எவ்வளவு தடிப்பு என்று மைக்ரோனில் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்லும். சாதாரணமாக 100 மைக்ரோனை ஒட்டி இருக்கும். உறை மட்டும் கழன்றிருந்தால் படை தடிப்பாகவே இருக்கும், பார்வை நன்றாக மீளும். இழைகளே செத்திருந்தால் படை மெலிந்திருக்கும், அந்த அளவுக்கு எதிர்பார்ப்பையும் குறைக்க வேண்டும். அப்பாவுக்கு ஏற்கெனவே எடுத்திருக்கக்கூடும், கிளினிக் கொப்பிக்குள் தேடிப் பாருங்கள்.

கால அட்டவணை பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள், மனம் ஆறும். பீல்ட் கெட்டிருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு முன்னேற்றம் வருகிறது. முழுமையாக மீளுபவர்கள் அதைவிடக் குறைவு. முன்னேற்றம் ஒரே வேகத்தில் வராது. முதல் கிழமையில், சிலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே, ஒரு பாய்ச்சல் வரும். அது நசுங்கியிருந்த இழைகளில் செய்தி மறுபடி ஓடத் தொடங்குவது. "கட்டிலில் இருந்தே வார்ட் முழுக்கத் தெரியுது" என்று அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறகு ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை மெதுவான ஏற்றம். உறை போர்த்துவது இந்தக் காலத்தில் நடக்கிறது என்பது பொருந்தி வருகிற விளக்கம். அதற்குப் பிறகும் மூன்று வருடம் வரை சிறிது சிறிதாக ஏறுபவர்கள் உண்டு. பாய்ச்சல் முடிந்து மெதுவான ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் நோயாளிகள் சோர்ந்துபோவார்கள், "நிண்டுபோச்சு" என்பார்கள். அப்பா நிற்பது அந்த இடத்தில்.

பக்கத்தைப் பாவிக்கப் பழக்குவதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். பார்வைப் பயிற்சி என்று விலை கூறி விற்பவர்களிடம் இந்த நோயாளிகளில் அது வேலை செய்ததற்கு ஆதாரம் கேளுங்கள், பேச்சு மாறும். வீட்டில் செய்யக்கூடியது எளிது. அப்பாவை ஒரு கதிரையில் இருத்தி நீங்கள் எதிரே ஒரு கை தூரத்தில் இருங்கள். அவர் தன் இடது கண்ணைப் பொத்தட்டும், நீங்கள் உங்கள் வலது கண்ணைப் பொத்துங்கள். அவர் உங்கள் மூக்கைப் பார்த்தபடி இருக்க, விரலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள். உங்களுக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். பிறகு மற்றக் கண். அடுத்து ஒரு சோடாப் போத்தலின் சிவப்பு மூடி எடுங்கள். அவருடைய மூக்குப் பக்கம் ஒரு தரம், காதுப் பக்கம் ஒரு தரம் காட்டி, "எது நல்ல சிவப்பு?" என்று கேளுங்கள். காதுப் பக்கம் வெளிறிய செங்கல் நிறம் என்று சொன்னால், வெளிச்சம் வந்திருக்கிறது, நிறம் இன்னும் முழுக்க வரவில்லை என்று அர்த்தம். பத்து நாளைக்கு ஒரு தரம் செய்து கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். தினமும் செய்தால் இருவருக்கும் பைத்தியம் பிடிக்கும்.

வெளியே நடக்கும்போது கையைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக, கடக்குமுன் தலையை வலம் இடம் முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள், கண்ணை மட்டும் அல்ல. கண்ணை ஓட்டினால் அவருக்கு "பார்த்தாயிற்று" என்று தோன்றிவிடும். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். வீட்டில் ஒரே பக்கத்தில் எப்போதும் நிற்காமல் இரண்டு பக்கமும் மாறி நின்று கதையுங்கள், பக்கத்தில் யாரோ இருப்பது மறுபடி சாதாரணமாக வேண்டும். எஸ்டர்மன் டெஸ்ட் எடுத்து டொக்டர் சம்மதிக்கும் வரை கார் சாவியை நீங்கள் வைத்திருங்கள். சண்டை வரும், தெரியும். மூக்குப் புண் ஆறும் வரைக்கும் குனிந்து பாரம் தூக்குவது, மூக்கைச் சீறுவது இரண்டும் கூடாது.

சிலதுக்கு மட்டும் கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. வந்த பார்வை திரும்ப மங்கினால், அதுவும் கடுந்தலையிடியோடு என்றால், அன்றே போங்கள். குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டினால், அடங்காத தாகத்தோடு நிறையச் சிறுநீர் போனால், சத்தியும் அயர்வும் சேர்ந்து ஆள் மந்தமானாலும் அப்படியே. ஹைட்ரோகோர்ட்டிசோன் மாத்திரை (குறைந்த கோர்ட்டிசோலுக்குப் பதிலாகக் கொடுப்பது) தந்திருந்தால் "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று அப்பா தன்பாட்டில் நிறுத்த விட வேண்டாம்.

கட்டி முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கும் சாதாரண எம்.ஆர்.ஐ வழக்கமாக மூன்று மாதமளவில் எடுப்பார்கள். அதற்குத் திகதி தந்திருக்கிறார்களா என்று பாருங்கள், காசு செலவழிக்கும் ஸ்கான் அதுவாக இருக்கட்டும். போகும்போது ஒப்பரேஷனுக்கு முந்திய பீல்ட் தாளையும் பிந்தியதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பழைய தாளை வீட்டில் வைத்துவிட்டு வந்து என்னிடம் "முந்தி எப்பிடி இருந்தது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.